பூட்டூசிக்கு எந்த எஃகு?

சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் கருவியை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மேலைநாட்டுக்காரர்கள் முதலில் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. சாலையைக் கூட்டும் எந்திரத்தின் பிரஷிலிருந்து உதிர்ந்த எஃகுப் பட்டைகள் ரோட்டோரம் கிடக்கும், பொறுக்கிக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல உலோகம் ஓசியில் கிடைக்காது என்பார்கள். கும்பகோணத்தில் எங்கள் தெருவைக் கூட்டுவது ஈர்க்குமாறு. அதிலிருந்து உதிர்வதை வைத்துப் பல் குத்தலாம்.

ஆகவே திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் ஒருவர் கையில் என்னென்ன உலோகம் அகப்படும், எதை எடுத்தால் எவ்வளவு பாடு, எவ்வளவு பலன் என்று நாலு வருடமாக அறுத்தும் தேய்த்தும் ஒடித்தும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். நான் கொல்லனும் இல்லை, பூட்டு ரிப்பேர்காரனும் இல்லை. அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். சாயங்காலம் கொல்லைப்புறத்தில் ஒரு வைஸ், நாலு அரம், ஒரு மக் தண்ணீர். அவ்வளவுதான் பட்டறை.

லாக் பிக் என்று சொல்லப்படும் இந்தக் கருவிக்கு நம்மிடம் தனிப் பெயர் கிடையாது. கள்ளச்சாவி என்ற சொல் இருக்கிறது, ஆனால் அதைச் சொன்ன மாத்திரத்தில் கேட்கிறவர் முகம் மாறிவிடும். நான் பூட்டூசி என்கிறேன். பேர் எதுவானாலும், இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் உலகம் முழுக்க இரண்டு விதி வைத்திருக்கிறார்கள். சொந்தப் பூட்டை மட்டும் திறக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பூட்டை, அது சொந்தமே ஆனாலும், தொடக் கூடாது. உள்ளே ஏதாவது கெட்டுப்போனால் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். நம்மூருக்கு நான் மூன்றாவது ஒன்று சேர்த்துக்கொண்டேன். ஒளித்துச் செய்யக் கூடாது. பக்கத்து வீட்டு அத்தையிடம் முதல் நாளே காட்டிவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்துதான் திறந்து பழகுகிறேன். ராத்திரியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. ரோந்து வரும் போலீஸ்காரரிடம் ‘இது உலோக வேலை சார்’ என்று விளக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பு கிடையாது.

சரி, உலோகம். அதற்கும் முன்னால் பூட்டு. இந்த வரிசையை மாற்றித்தான் நான் முதல் ஆறு மாதத்தை வீணடித்தேன்.

நம் வீடுகளில் தொங்கும் பூட்டுகளில் பெரும்பாலானவை லீவர் பூட்டுகள். உள்ளே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இந்தச் சாதி. கோத்ரெஜ் நவ்தாலும் இதேதான், ஆறு, ஏழு, எட்டு லீவர் என்று எண்ணிக்கை சொல்லி விற்பார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் மெல்லிய தட்டையான ஊசியை விட்டு நெருடித் திறக்கிறார்களே, அது பின் பூட்டு. அமெரிக்காவில் யேல் என்ற தந்தையும் மகனும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருப்படுத்திய அமைப்பு. உருளைக்குள் சின்னச் சின்னப் பித்தளைப் பின்கள் ஸ்பிரிங் அழுத்தத்தில் வரிசையாக நிற்கும். நம்மூரில் கதவில் பதிக்கும் உருளைப் பூட்டு, பெட்டிக்குப் போடும் குட்டிப் பித்தளைப் பூட்டு ஆகியவற்றில் இது இருக்கும்.

லீவர் பூட்டின் முன்னால் அந்தத் தட்டை ஊசி வெறும் தகடு. அதற்கு வேண்டியது உருண்டைக் கம்பி, அதுவும் வளைந்துகொடுக்காத கம்பி. ஒன்று தாழை ஒரே சீராக அழுத்திப் பிடிக்க, இன்னொன்று லீவர்களை ஒவ்வொன்றாகத் தூக்க. அதற்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை மிஞ்சியது எதுவும் நான் பார்த்ததில்லை. சாதாரண சைக்கிள் ஸ்போக்ஸ் 2 மில்லிமீட்டர் தடிமன். குளிர்ந்த நிலையிலேயே இழுத்து நீட்டிய கம்பி என்பதால் விறைப்பு ஏற்கனவே ஏறியிருக்கும். பழுக்கக் காய்ச்ச வேண்டியதில்லை, வைஸில் வைத்துச் சுத்தியால் தட்டினாலே வளையும், வளைத்த இடத்தில் நிற்கும். ஒரு முனையில் தொழிற்சாலையே ஒரு வளைவு போட்டுத் தருகிறது, அதைக் கைப்பிடியாக்கிக்கொள்ளலாம். விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் தாத்தா வீட்டுப் பத்தாயத்தில் மாங்காய் வடிவப் பூட்டு ஒன்று தொங்கியது. நெல் கொட்டி இருபது வருடம் ஆன பத்தாயம், சாவி எந்தத் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது தொலைந்ததோ தெரியாது. பின் பூட்டுக்கான தட்டை ஊசிகளை அழகழகாகச் செய்துகொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்து ஆறு மாதம் அசடு வழிந்தேன். ஸ்போக்ஸுக்கு மாறிய பிறகு இரண்டு மாதத்தில் திறந்தது. உள்ளே ஒரு லீவரின் ஸ்பிரிங் துருப்பிடித்து முறிந்திருந்தது. ஆகவே இப்போது அந்தப் பூட்டு திறக்கும், பூட்டாது. பத்தாயத்தில் ஒரு மரக்காலும் எலிப்புழுக்கையும் இருந்தன.

ஆக, உங்கள் கையில் இருப்பது லீவர் பூட்டு என்றால் முடிவு இங்கேயே முடிந்தது, சைக்கிள் கடைக்குப் போங்கள். இனி எழுதுவதெல்லாம் பின் பூட்டுக்கு.

பின் பூட்டின் ஊசியிடம் நாம் கேட்பவை ஒன்றோடொன்று சண்டை போடும் குணங்கள். சாவித்துளைக்குள் நுழைந்து மேலும் கீழும் அசைய இடம் வேண்டும், ஆகவே மெல்லியதாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டரிலிருந்து 0.6 வரை சரி. துளை குறுகலாக இருந்தால் 0.4. அத்தனை மெல்லிசாக இருந்துகொண்டு ஸ்பிரிங்கை எதிர்த்துப் பின்னைத் தூக்க வேண்டும். கொஞ்சம் வளைந்தால் திரும்பி நேராக வேண்டும். பூட்டுக்குள் ஒடியவே கூடாது. விறைப்பை ஏற்றினால் எஃகு கண்ணாடி போல் ஒடியும், இறக்கினால் ஈயம் போல் வளையும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. ஸ்பிரிங் எஃகு அங்கேதான் குடியிருக்கிறது. காயலான் கடையில் நாம் தேடுவது அதைத்தான்.

ஹாக்சா பிளேடிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கைரம்பத்தில் மாட்டும் பிளேடு 300 மில்லிமீட்டர் நீளம், சுமார் 12.5 மில்லிமீட்டர் அகலம், 0.63 மில்லிமீட்டர் தடிமன். பார்த்தால் இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். லேத் பட்டறைகளில் தேய்ந்த பிளேடைக் குப்பையில்தான் போடுகிறார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள். அவர்களுக்குப் பல் போனால் பிளேடு செத்தது. நமக்குக் கவலையில்லை, பல்லைத்தான் முதலில் தேய்த்துத் தள்ளப் போகிறோம்.

ஆனால் ஹாக்சா பிளேடு என்பது ஒரே பொருள் அல்ல. மூன்று உண்டு. ஒன்று சாதாரணக் கார்பன் எஃகு. இரண்டாவது, பல்லிலிருந்து முதுகு வரை முழுக்கக் கடினமாக்கிய ஹைஸ்பீடு எஃகு. மூன்றாவது பை-மெட்டல். பல் இருக்கும் விளிம்பு மட்டும் ஹைஸ்பீடு எஃகு, முதுகு ஸ்பிரிங் எஃகு, இரண்டையும் எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்து ஒன்றாக்கியிருப்பார்கள். நமக்கு வேண்டியது அந்த முதுகுதான். பல் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தேய்த்துத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது சுத்தமான ஸ்பிரிங் எஃகுப் பட்டை. ஒரு பிளேடில் இரண்டு ஊசி.

இது தெரியாமல் நான் முதலில் கையில் எடுத்தது முழுக்கக் கடினமான ஹைஸ்பீடு பிளேடு. அரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு கீறல்கூட விழவில்லை. எஃகு இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, பிரமாதமான ஊசி ஆகப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன். கிரைண்டரில் தேய்த்து உருவம் கொண்டுவந்து, புதிதாக வாங்கிய பித்தளைப் பூட்டில் விட்டு, மூன்றாவது பின்னைத் தொட்டேன். டிக். நுனி பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் பூட்டு இப்போது என் மேசையில் பேப்பர் வெயிட்.

எது எந்தச் சாதி என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பிளேடில் அச்சடித்திருப்பதைப் படிப்பது. அழிந்து போயிருந்தால், கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளேடைக் கனமான துணியில் சுற்றி, வில் போல வளையுங்கள். பை-மெட்டல் தாராளமாக வளைந்து திரும்பி வரும். முழுக் கடின பிளேடு படீரென்று இரண்டு மூன்று துண்டாகும். துணி சுற்றச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தத் துண்டு பறக்கும் வேகம் கொஞ்சநஞ்சமில்லை.

பை-மெட்டலுக்கு இரண்டு குறை உண்டு. தடிமன் 0.63 என்பது மாறாது, குறுகலான சாவித்துளையில் அடைத்துக்கொண்டு நிற்கும். தகட்டை மெல்லிசாக்க நினைத்தால் எமரித்தாளில் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். அப்புறம், துருப்பிடிக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து ஃபில்லர் கேஜ். இரு சக்கர வாகன மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பாரே, விசிறி போல விரியும் எஃகு இலைகள், அதுதான். ஒவ்வோர் இலையிலும் தடிமன் அச்சிட்டிருக்கும்; ஒரு செட்டில் 0.05-இல் ஆரம்பித்து 1 மில்லிமீட்டர் வரை போகும். உலோகமாகப் பார்த்தால் நான் தொட்டவற்றில் இதுதான் முதல். பதம் முழு இலையிலும் ஒரே மாதிரி இருக்கும். முகம் ஏற்கனவே வழவழப்பு. 0.4 வேண்டுமா, 0.5 வேண்டுமா, எண்ணைப் பார்த்து எடுத்தால் போதும். ஆனால் முதல் ஊசிக்கு இதை வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரு செட்டில் நமக்குப் பயன்படுவது நாலைந்து இலைதான், முதல் நாலைந்து ஊசியை நீங்கள் கெடுக்கத்தான் போகிறீர்கள். ஓசி பிளேடில் கெடுத்தால் வயிறு எரியாது. இலையின் நீளமும் 100 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் கைப்பிடி கட்டாயம் வைத்தாக வேண்டும். மெக்கானிக்கிடம் பழைய செட் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 0.05, 0.10 இலைகள் கிழிந்திருக்கும், மற்றவை நன்றாக இருக்கும்.

மூன்றாவது கார் வைப்பர். பழைய மாதிரி வைப்பரின் ரப்பருக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஒரு மெல்லிய எவர்சில்வர் பட்டை ஓடும். ஊசிக்கு அகலம் பத்தாது. ஆனால் பூட்டு திறக்க ஊசி மட்டும் போதாதே. உருளையை லேசாகத் திருகிப் பிடிக்க இன்னொரு கம்பி வேண்டும், டென்ஷன் கம்பி என்பார்கள். உண்மையில் பாதி வேலை அதனுடையது, புதியவர்கள்தான் ஊசியையே அலங்கரித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு வைப்பர் பட்டை பிறந்தே வந்தது. துருப்பிடிக்காது, ஸ்பிரிங் குணம் உண்டு. நுனியை ‘ட’ மாதிரி மடக்க வேண்டும். கூர்மையாக மடக்கினால் ஒடியும், ஓர் ஆணியைச் சுற்றி மெதுவாக மடக்க வேண்டும். மடிய மாட்டேன் என்கிறதே என்று சூடு காட்டினால் அந்த இடம் செத்தது. இந்த வகை எவர்சில்வருக்கு விறைப்பு வந்தது உருட்டி நசுக்கியதால். சூட்டில் அது போய்விட்டால் எந்த எண்ணெயில் தோய்த்தாலும் திரும்பாது. கார்பன் எஃகுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அதைக் கெடுத்தால் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது.

குடைக்கம்பியும் டென்ஷன் கம்பிக்கு ஆகும். நீளக் குடையின் ‘ப’ வடிவ எஃகுக் கம்பியாக இருக்க வேண்டும், மடக்குக் குடையில் பாதி அலுமினியம். ஐப்பசி அடைமழை முடிந்ததும் குடை ரிப்பேர்காரரிடம் உடைந்த கம்பி கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

எவர்சில்வர் என்றதும் பலருக்குக் கரண்டிக்காம்பில் கண் போகும். எனக்கும் போனது. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தோன்றாமல் இருக்குமா. வேண்டாம். பாத்திர எவர்சில்வர் வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், திரும்பாது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடைசல் பிடிக்கும் நண்பர் ஒருவர், பித்தளையில் செய்தால் என்ன என்று கேட்டார். அவர் சொன்னால் அவருக்காக ஒன்று செய்து பார்க்காமல் இருக்க முடியுமா. தங்கம் போல மின்னியது. முதல் பின்னிலேயே கும்பிடு போட்டுக் குனிந்துவிட்டது. இந்த மண்ணின் உலோக ஞானமெல்லாம் வெண்கலமும் பித்தளையும்தான், சுவாமிமலை ஸ்தபதிகளிலிருந்து தஞ்சாவூர்த் தட்டு வரைக்கும். எஃகுக்கு நாம் கொல்லுப்பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பண்டல் கட்டும் இரும்புப் பட்டையையும் சொல்லிவிடுகிறேன். தடிமன் பொருந்தும், ஸ்பிரிங் போதாது, உருவம் வெட்டிப் பழக மட்டும் நல்லது.

எதைத் தேர்ந்தாலும் அதை வெட்டித் தேய்ப்பதில் இரண்டு பாதை பிரிகிறது. இங்கேதான் இது பூட்டு விளையாட்டாக இல்லாமல் உலோக வேலை ஆகிறது.

முதல் பாதை, விறைப்பு இருக்கிறபடியே கிரைண்டரில் தேய்ப்பது. காகிதத்தில் வரைந்து தகட்டில் ஒட்டி, கோடு வரைக்கும் தேய்க்க வேண்டியதுதான். விஷயம் முழுக்கச் சூட்டில் இருக்கிறது. இரண்டு மூன்று விநாடி தேய், தண்ணீரில் முக்கு, மறுபடி தேய். கையுறை போடாமல் வெறும் விரலால் பிடிக்கச் சொல்வேன். விரல் சுட்டால் முக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சுற்றும் கல்லில் துணிக் கையுறை மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும், அதற்காகவும்தான். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை இரண்டுக்கும் அங்கே இடமில்லை. கண்ணாடி கட்டாயம். நுனி மெல்லிசாக ஆக ஆகச் சூடு ஒரு நொடியில் ஏறும், கவனம் தப்பினால் நிறம் மாறும்.

அந்த நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய கார்பன் எஃகைச் சூடாக்கினால் சுமார் 220 டிகிரியில் வெளிர் மஞ்சள் வரும். இங்கிலீஷ்காரர்களும் அதை வைக்கோல் நிறம் என்றுதான் சொல்கிறார்கள். 250-ஐத் தாண்டினால் காப்பி நிறம். 280-க்குப் பக்கத்தில் கத்திரிப்பூ. 300-ஐ ஒட்டி மயில்கழுத்து. அதற்கும் மேல் போனால் சாம்பல், விறைப்பு இறங்கிக்கொண்டே போகிறது. கத்திக்கு வைக்கோல், ஸ்பிரிங்குக்கு மயில்கழுத்து. சாதாரணக் கார்பன் பிளேடு ரொம்ப ஒடிகிறது என்றால், முகத்தை எமரித்தாளில் வெளுப்பாக்கிக்கொண்டு கேஸ் அடுப்பில் மேலாகக் காட்டி மயில்கழுத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒடிகிற குணம் அடங்கிவிடும். ஹைஸ்பீடு எஃகில் இந்த வித்தை பலிக்காது. 500 டிகிரிக்கு மேலும் தன் கடினத்தை விடாமல் வைத்திருக்கத்தான் அதைப் படைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பாதை, கொல்லர் பாதை. எஃகை இளக்கி, அரத்தால் உருவம் கொடுத்து, மறுபடி விறைப்பேற்றுவது. கார்பன் எஃகுக்கு மட்டும் ஆகும். எங்கள் ஊரில் கருக்கரிவாளும் மண்வெட்டியும் அடித்துக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அவர் பட்டறையில் போய் உட்காருவேன். முதல் நாள் தகட்டை உலையிலிருந்து எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “தம்பி, செவப்ப நெழல்ல பாக்கணும். வெயில்ல பாத்தா ஏமாந்துருவ” என்றார். உண்மை, வெயிலில் மங்கலாகத் தெரியும் சிவப்பு நிழலில் ஆரஞ்சாக இருக்கும், நாம் தேவைக்கு மேல் காய்ச்சிவிட்டிருப்போம். நல்ல சிவப்பு வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு காந்தம் தேவைப்படுகிறது. சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தை விட்டுவிடும், அதற்குக் கொஞ்சம் மேலே போனால் சரி. அவருக்குக் காந்தம் வேண்டாம்.

இளக்க வேண்டுமென்றால் மெதுவாக ஆற வேண்டும். அதற்கு நம்மிடம் இருக்கும் பொருள் வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது: உமிச்சாம்பல். எங்கள் ஆலையிலேயே மலை மலையாகக் கிடக்கிறது. வெப்பத்தை வெளியே விடாது. எஃகு ஆலைகளில் உருகிய எஃகின் மேல் இதைத் தூவித்தான் சூடு காக்கிறார்கள். ஆனால் அரை மில்லிமீட்டர் தகடு சாம்பலுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே ஆறிவிடும். பெரியவர்தான் வழி சொன்னார். இரண்டு கனமான இரும்புத் துண்டுகளையும் சிவக்கக் காய்ச்சி, நடுவில் தகட்டை வைத்து, மூன்றையும் சேர்த்துச் சாம்பலில் புதைக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் அரம் சொன்னபடி கேட்கும். முதல் நாள் வழுக்கிய அதே அரம்.

திரும்ப விறைப்பேற்றும்போதுதான் கண்ணீர். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும், தண்ணீரில் தோய்த்தால் மெல்லிய தகடு வெடிக்கும். கடலை எண்ணெய் போதும். நெட்டுக்குத்தாக, கத்தி செருகுவது போல இறக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துகொண்டு வெளியே வரும். நான் தோய்த்த பதினொன்றில் நேராக வந்தது நாலு. அதற்கப்புறமும் மயில்கழுத்துக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒடியும்.

ஊசி வேண்டும் என்கிறவருக்கு முதல் பாதைதான், சந்தேகமே இல்லை. பை-மெட்டல் முதுகை ஈரமாகத் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் ஊசி. எஃகு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை என்றால் ஒரு சனிக்கிழமையாவது இரண்டாவது பாதையில் போய்ப் பாருங்கள். எனக்கு இப்போது பூட்டைவிட அந்த உலைதான் பிடித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உருவத்தில் குழம்ப வேண்டாம். கடையில் விற்கும் செட்டில் இருபது வகை இருக்கும், நான் உபயோகிப்பது நுனி மேலே வளைந்த ஒரு சின்னக் கொக்கியும், நுனி முக்கோணமாக இருக்கும் ஓர் அரைவைரமும். மெருகில்தான் சோம்பல் கூடாது. கிரைண்டர் விட்ட கீறல் குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் ஊசி முறியும், பின்னிலும் சிக்கும். 220, 400, 800, 1200 என்று எமரித்தாளை ஏற்றிக்கொண்டே நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். சுவாமிமலையில் வார்த்தெடுத்த சிலைக்கு அரம் போடுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தால், அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னால் வரும்போது தூக்கிவிடுவது கண்ணில் படும். நான் இரண்டு அரத்தை மொட்டையாக்கிய பிறகு கவனித்தேன்.

கைப்பிடிக்குக் கொட்டாங்கச்சி, பூவரசங்கட்டை, ஒயர்மேன்கள் போடும் சுருங்கும் ரப்பர்க் குழாய் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். கொட்டாங்கச்சி மெருகேற்றினால் அழகு, ஆனால் வளைவை நேராக்கத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். கட்டை தடிமனாக இருந்தால் பின் அசையும் அதிர்வு விரலுக்கு வராது. ரப்பர்க் குழாய்க்கு அழகு கிடையாது, விரலுக்கு எல்லாம் தெரிகிறது. நான் அதில் நின்றுவிட்டேன்.

துரு. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும் சரி, தள்ளித் திறந்தாலும் சரி, ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் ஊறாத பொருள் கிடையாது. வேதாரண்யத்தில் இருக்கும் என் மைத்துனனுக்கு ஒரு பிளேடு ஊசியும் ஒரு வைப்பர் கம்பியும் கொடுத்தேன். உப்பளக் காற்றில் ஊசி பத்து நாளில் செம்மண் நிறம், கம்பி அப்படியே. கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஊசிக்கும் துருப்பிடிக்காத ஸ்பிரிங் பட்டை கிடைத்தால் அங்கே அதுதான் சரி. உள்ளே இருப்பவர்களுக்கு எண்ணெய்த் துணியும் மூடி இறுகும் டப்பாவும் போதும். இன்னொன்று: விளக்குத் தேய்க்கிற ஞாபகத்தில் ஊசியைப் புளி போட்டுத் தேய்த்து ஈரத்தோடு வைத்துவிட்டேன் ஒருமுறை. துரு என்னவோ போனது. காலையில் இரண்டு மடங்காக வந்திருந்தது.

கடையிலேயே வாங்கிவிட்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. செட்டாக விற்கிறார்கள். செய்வது மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலோகம் ஓசிதான், அரம், எமரித்தாள், கண்ணாடி, வைஸ் எல்லாம் கூட்டினால் வாங்கும் விலையைத் தாண்டிவிடும். பூட்டைத் திறந்து பார்ப்பதுதான் ஆசை என்றால் வாங்குங்கள், குற்றமில்லை. செய்கிறவனுக்கு உள்ள ஒரே லாபம், ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு ஊசி ஒத்துவரவில்லை என்றால் அன்று சாயங்காலமே கால் மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம். 1851-இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி தன் ஜன்னலில் பல வருடமாகச் சவாலுக்கு வைத்திருந்த பூட்டைத் திறந்தார். 16 நாளில் பரவிய 51 மணி நேர உழைப்பு, 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம்) பரிசு. அந்தப் பூட்டுக்கென்றே கருவிகளைச் செய்துகொண்டுதான் உட்கார்ந்தார்.

என்னைக் கேட்டால், முதலில் லேத் பட்டறையில் நாலு தேய்ந்த பை-மெட்டல் பிளேடு, ஒரு பழைய வைப்பர். இரண்டுக்கும் காசு கிடையாது. மூன்று பிளேடைக் கெடுத்து நாலாவதில் ஊசி வரும். அது ஒரு பித்தளைப் பூட்டைத் திறந்த பிறகு ஃபில்லர் கேஜ் வாங்கலாம், அதற்கு முன் வேண்டாம். பத்தாயமோ பழைய பெட்டியோ வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்போக்ஸுக்குப் போங்கள். ஒன்று கேட்டால் கடைக்காரர் முறைப்பார், அரை டஜனாக வாங்கிவிடுங்கள்.